மலை முகட்டில் நடக்க யாருடைய அனுமதி வேண்டும்? 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம்

தமிழ்நாட்டில் நடந்து பார்க்க ஆசைப்படும் மலை முகடுகளில் பெரும்பாலானவை காப்புக்காட்டுக்குள்ளோ வனவிலங்குச் சரணாலயத்துக்குள்ளோதான் இருக்கின்றன. அங்கே போக வனத்துறை அனுமதி தேவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்தின் ஊடாகச் செல்லும் பொதுச்சாலையில் கடந்து போகலாம். சாலையை விட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையில் ஏறுவதென்றால் அதற்கு அனுமதி வாங்க வேண்டும். 'எல்லாரும் போகிறார்களே, யாரும் தடுக்கவில்லையே' என்பதெல்லாம் செல்லாது.

இந்த விஷயத்தில் கெடுபிடி கூடியது 2018-க்குப் பிறகு. அந்த ஆண்டு மார்ச் 11 அன்று, கேரள எல்லையை ஒட்டிய கொழுக்குமலையிலிருந்து தேனி மாவட்டம் குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின; 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. ஆனால் விதி வந்ததே தவிர, சாதாரண ஆள் முறைப்படி அனுமதி வாங்க எளிய வழி இல்லாமலேயே இருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2024 அக்டோபர் 24 அன்று 'ட்ரெக் தமிழ்நாடு' தொடங்கப்பட்டது.

வனத்துறையும் தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் சேர்ந்து நடத்தும் திட்டம் இது. தொடக்கத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. எளிது, மிதமானது, கடினம் என்று மூன்று வகை. குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகும் பாதையும் பட்டியலில் இருக்கிறது; விபத்து நடந்த மலையை மூடியே வைக்காமல், முறைப்படுத்தித் திறந்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

பதிவு முழுக்க இணையத்தில்தான். 'ட்ரெக் தமிழ்நாடு டாட் காம்' தளத்தில் பாதையையும் தேதியையும் தேர்ந்தெடுத்துப் பணம் கட்ட வேண்டும். பாதையைப் பொறுத்துக் கட்டணம் மாறும். சில பாதைகளுக்குக் கட்டணம் அதிகம் என்ற முணுமுணுப்பு ஆரம்பத்திலிருந்தே உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் வழிகாட்டிக்கான கூலியும் அதற்குள் அடக்கம். பயிற்சி பெற்ற பழங்குடி இளைஞர்களும் காட்டை ஒட்டிய கிராமத்து இளைஞர்களும்தான் கூட வருகிறார்கள். வசூலில் பெரும்பங்கு அவர்களுக்கே போகிறது. வழிகாட்டி வேண்டாம், நானே போய்க்கொள்கிறேன் என்பதற்கு இதில் இடமில்லை.

18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எளிய பாதைகளுக்கு மட்டும், அதுவும் பெற்றோருடன் போகலாம்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பில் 'வீக்எண்ட் ட்ரெக்' என்று விளம்பரம் வரும். சாப்பாடு, கூடாரம், வேன் எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொல்வார்கள். அந்தத் தொகையில் வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். பாதையின் பெயரைக் கேட்டு, அது அரசுப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே தளத்தில் பாருங்கள். இல்லையென்றால், அந்தப் பாதைக்கும் அந்தத் தேதிக்கும் வாங்கிய அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் பணம் கட்டாதீர்கள். மாட்டிக்கொண்டால், நடந்து போனவர் மேலும்தான் வழக்கு வரும்.

கொழுக்குமலையிலும் இதே குழப்பம். கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் போய், தேயிலைத் தோட்டத்து முகட்டில் சூரிய உதயம் பார்த்துவிட்டு அதே ஜீப்பில் திரும்புவது ஒன்று. அங்கிருந்து குரங்கணிப் பக்கம் நடந்து இறங்குவது வேறு. அந்தச் சரிவு தமிழ்நாட்டுக் காடு, ஜீப்புக்குக் கொடுத்த காசு அதற்குச் செல்லாது.

அப்புறம், காட்டுத்தீக் காலம். 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகள் மூடப்பட்டன. விடுமுறையைத் திட்டமிடும்போது அந்த இரண்டு மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். கனமழை, யானை நடமாட்டம் என்றாலும் கடைசி நேரத்தில் பாதையை மூடலாம் என்பதால், ரயில் டிக்கெட் போடும் முன் தளத்தை இன்னொரு முறை பார்த்துவிடுவது நல்லது.