இந்தப் புற்றுநோய் யார் கணக்கில்?

"எங்க அண்ணன் ஃபவுண்டரியில ஆர்.டி. வேலை பார்த்தவருங்க. வேலையை விட்டு எட்டு வருசம் ஆச்சு. இப்ப ரத்தப் புற்றுநோய்னு சொல்றாங்க. அந்த ரேடியேசனாலதான் வந்துச்சுன்னு யாராச்சும் சொல்ல முடியுங்களா? நஷ்டஈடு கேட்டாக் கிடைக்குங்களா?" கோவை அரசூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஆர்.டி. என்றால் என்னவென்று கொங்குப் பக்கத்து ஃபவுண்டரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வால்வு, பம்பு போன்றவற்றுக்கு வார்த்த இரும்புக்குள் குமிழோ விரிசலோ இருக்கிறதா என்று காமா கதிரைப் பாய்ச்சிப் படம் எடுத்துப் பார்ப்பது. பெரும்பாலும் இரிடியம்-192. 74 நாளில் அதன் வீரியம் பாதியாகும். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயில் பார்த்தபடி இதயக் குழாய்க்குச் சிகிச்சை செய்யும் கேத் லேப்பில் நிற்கும் டெக்னீசியனுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: முடியாது. கதிர் டி.என்.ஏ.வை உடைக்கும், உடைந்ததைச் செல் தப்பாக ஒட்டவைக்கும், அந்தத் தப்பு பல ஆண்டு கழித்துப் புற்றாகும். இது பள்ளியிலேயே படித்ததுதான். ஆனால் அப்படி வந்த ரத்தப் புற்றுநோயும், எந்தக் கதிரும் படாமல் தானாக வந்த ரத்தப் புற்றுநோயும் மைக்ரோஸ்கோப்பில் ஒன்றுபோலவே இருக்கும். எந்த டாக்டரும் ஒரு நோயாளியைக் காட்டி "இது அதனால்தான்" என்று சத்தியம் பண்ண முடியாது.

அப்படியானால் நஷ்டஈட்டுத் திட்டம் எப்படி நடத்துவது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கணக்கு வருகிறது.

ஒரே வயதுள்ள 10,000 ஆண்களை எடுத்துக்கொள்வோம். கதிர் படாத இவர்களில் 40 பேருக்கு ஒரு நோய் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட அளவு கதிர் பட்ட இன்னொரு 10,000 பேரில் 60 பேருக்கு வருகிறது. கூடுதல் 20. இந்த 60 பேரில் அந்த 20 பேர் யார் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. ஈரோட்டு மண்டியில் ஒரு தோட்டத்து மஞ்சள் 40 மூட்டை, இன்னொரு தோட்டத்து மஞ்சள் 20 மூட்டை கொட்டிக் கலந்துவிட்டால், கையில் எடுத்த ஒரு விரலி எந்தத் தோட்டத்தது என்று சொல்ல முடியாது. ஆனால் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இரண்டாவது தோட்டத்துக்கு என்று உறுதியாகச் சொல்லலாம். 60 நோயாளிகளுக்கும் அதேதான்: ஒவ்வொருவர் நோயும் கதிரால் வந்திருக்கும் வாய்ப்பு 60-ல் 20, அதாவது 33 சதவீதம். காரண வாய்ப்பு என்று இதற்குப் பெயர்.

கதிர் எவ்வளவு கூட்டும் என்பது ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்கள் உட்பட ஏறத்தாழ 1,20,000 பேரை 1950-லிருந்து தொடர்ந்து பார்த்துவரும் ஆய்விலிருந்து பெருமளவு கிடைக்கிறது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் நாடுகளின் 3 லட்சத்துக்கும் அதிகமான அணுத்துறைத் தொழிலாளர்களைப் பின்தொடர்ந்த ஆய்வும் இருக்கிறது. பட்ட அளவு, பட்டபோது வயது, அதற்குப்பின் கழிந்த ஆண்டுகள், எந்த உறுப்பு என்று ஒவ்வொன்றும் கணக்கை மாற்றும்.

சரி, 33 சதவீதம் என்று வந்தாயிற்று. பணம் கொடுப்பதா, வேண்டாமா? சிவில் வழக்கில் பாதிக்கு மேல் வாய்ப்பு இருந்தால்தான் நிரூபணம். அப்படிப் பார்த்தால் 60 பேருக்கும் ஒரு பைசா கிடையாது. அதில் 20 பேரின் நோய் வேலையால் வந்தது என்று நிச்சயமாகத் தெரிந்தும் 20 குடும்பமும் வெறுங்கையோடு போகும். இது அநியாயம்.

பிரிட்டனில் அணு எரிபொருள் நிறுவனமும் தொழிற்சங்கங்களும் 1982-ல் சேர்ந்து உண்டாக்கிய திட்டம் இதை அழகாகத் தீர்த்தது. வாய்ப்பு 20 சதவீதத்தைத் தொட்டாலே கால் பங்கு. 30-ஐத் தொட்டால் அரை, 40-ல் முக்கால், 50-ல் முழுத் தொகை. நம் 60 பேருக்கும் ஆளுக்கு அரைப் பங்கு கிடைக்கும். கூட்டிப் பாருங்கள்: 30 முழுத் தொகை. உண்மையில் கடன்பட்டது 20 பேருக்குத்தான். சந்தேகத்தின் பலன் தொழிலாளிக்கே போகும்படி படிகளை அமைத்திருக்கிறார்கள். கோர்ட்டுக்கு அலைய வேண்டாம், கம்பெனியின் தப்பை நிரூபிக்கவும் வேண்டாம்.

அமெரிக்காவில் அணு ஆயுதத் தொழிலாளர்களுக்காக 2000-ல் வந்த சட்டம் வேறு வழியில் போகிறது. 50 சதவீதம் எட்டினால் 1,50,000 டாலர், இல்லையென்றால் இல்லை. கேட்கக் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 50-ஐ எங்கே அளக்கிறார்கள் என்பதுதான் விசயம். பதிவான கதிர் அளவில் பிழை இருக்கலாம், ஜப்பானியருக்குக் கண்ட ஆபத்து அமெரிக்கருக்கு அப்படியே பொருந்தாமல் போகலாம். இத்தனை நிச்சயமின்மைகளையும் போட்டுக் கம்ப்யூட்டர் ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்பக் கணக்குப் போடுகிறது. கிடைத்த விடைகளைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசை கட்டி, நூற்றுக்கு 99-வது இடத்தில் நிற்கும் விடையை எடுக்கிறார்கள். நடுவில் நிற்கும் விடை 50-க்கு வெகு கீழே இருந்தாலும் இந்த 99-வது விடை 50-ஐத் தொட்டால் போதும். நமக்கு எவ்வளவு தெரியவில்லையோ, அவ்வளவு தொழிலாளிக்குச் சாதகம். விஞ்ஞானத்தின் அறியாமையை நோயாளி தலையில் கட்டாமல் அரசே சுமக்கிற இந்த ஏற்பாட்டை நினைத்தால் மனது நிறைகிறது.

தொழிலாளியின் கதிர் அளவு பதிவேட்டில் பூஜ்யம் என்று இருந்தாலும் அவர்கள் பூஜ்யமாக எடுத்துக்கொள்வதில்லை. தொழிலாளி அணியும் கதிர் அளக்கும் பேட்ஜால் அளக்க முடிந்த மிகக் குறைந்த அளவில் பாதியை ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் சேர்க்கிறார்கள். பதிவே இல்லாமல், அளவை மீட்டுக் கணக்கிடவும் வழியில்லாத கூடங்களில் வேலை செய்தவர்களுக்கு, குறிப்பிட்ட 22 வகைப் புற்றுநோய் வந்தால் கணக்கே கேட்காமல் தொகை. இவற்றை மேற்பார்க்கும் ஆலோசனைக் குழுவில் விஞ்ஞானிகளோடும் டாக்டர்களோடும் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்காருகிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆபத்து எவ்வளவு என்று விஞ்ஞானம் சொல்லும். எத்தனை சதவீதத்தில் கதவைத் திறப்பது என்பதைச் சம்பந்தப்பட்டவர்கள் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலேயே கதிர்வீச்சு நோய்கள் இருந்தன. ஆறு மாதம் தொடர்ந்து அந்த வேலையில் இருந்தவருக்கு வந்தால் வேலையால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது அந்தச் சட்டம். இல்லையென்று முதலாளிதான் காட்ட வேண்டியிருந்தது. நல்ல விதி. ஆனால் வேலையை விட்டவருக்கு 2 ஆண்டுக்குள் அறிகுறி தெரிய வேண்டும் என்றும் எழுதி வைத்தார்கள். கதிரால் வரும் ரத்தப் புற்றுநோயே 2 ஆண்டு கழித்துத்தான் தலைகாட்டத் தொடங்கும். கட்டிப் புற்றுநோய்களுக்கு 10 ஆண்டும் அதற்கு மேலும் ஆகும். நோய் வந்து சேர்வதற்குள் கதவைச் சாத்துகிற விதி அது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2020-ல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் எழுதினார்கள். நஷ்டஈட்டு விதிகளை யார் எங்கே எழுதினாலும் முதலில் நோயின் காலக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காரண வாய்ப்புக் கணக்கை இந்தியர்களுக்கென்று போட அடிப்படைத் தரவும் இருக்கிறது. சென்னையில் 1981-லிருந்து புற்றுநோய்ப் பதிவேடு நடக்கிறது. கதிர் வேலை செய்பவர்களின் அளவுகளை பாபா அணு ஆராய்ச்சி மையம் தேசியப் பதிவேட்டில் வைத்திருக்கிறது. இரண்டையும் இணைத்து ஆராய்ச்சி செய்யப் பணம் ஒதுக்குவது அரசுக்குப் பெரிய செலவில்லை. அதைச் செய்யாமல் விட்டால் குடும்பங்கள் ஜாதகக்காரரிடம்தான் போய் நிற்கும். "அவன் விதி" என்ற ஒரு சொல்லில், வேலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு அப்படியே புதைந்துபோகும்.

வேலையில் இருக்கிற தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. நெஞ்சில் குத்தும் டி.எல்.டி. பேட்ஜுக்குள் டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வில்லைகள் இருக்கின்றன. பட்ட கதிரைச் சேர்த்து வைத்து, சூடாக்கும்போது ஒளியாகத் திருப்பித் தரும். 5 ஆண்டுக்கு 100 மில்லிசீவர்ட் (உடலில் பட்ட கதிரை அளக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30 என்ற வரம்பைத் தாண்டினால் கேள்வி வரும் என்று பயந்து பேட்ஜை லாக்கரில் வைத்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். நாளைக்கு உங்கள் பக்கம் பேசக்கூடிய ஒரே சாட்சி அது.

அரசூர் வாசகருக்கு: அண்ணனுக்குக் கதிர்ப் பணியாளர் எண் ஒன்று இருக்கும். கம்பெனி மாறினாலும் அந்த எண் மாறாது. அதைச் சொல்லி மொத்த டோஸ் பதிவையும் பழைய கம்பெனி வழியாக எழுத்தில் கேளுங்கள். எந்த வகை ரத்தப் புற்றுநோய் என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். வகையைப் பொறுத்து வாய்ப்பு நிறைய மாறும். ஈ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் கோரிக்கை அங்கேதான் போக வேண்டும், இல்லையென்றால் தொழிலாளர் துறையில் இழப்பீட்டை விசாரிக்கும் அதிகாரியிடம். போதிய காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரத்தை 1923 சட்டம் அன்றைய இழப்பீட்டு ஆணையருக்குக் கொடுத்தது. நோய் இவ்வளவு காலம் பதுங்கியிருந்துதான் வரும் என்பதை டாக்டர் கடிதத்தோடு மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.