சிறுநீரகம் தளர்ந்தால் சர்க்கரை ஏன் இறங்குகிறது?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. இப்போது கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) ஏறிக்கொண்டே போகிறது, சர்க்கரை மட்டும் தானாக இறங்கிவிட்டது. மூலிகைச் சாறு கொடுத்தவர் அது தன் மருந்தின் வேலை என்கிறார். நம்பலாமா?"

நம்ப வேண்டாம். சிறுநீரகம் ஓய்ந்து வருவதற்கான அடையாளமாகவும் அது இருக்கலாம்.

சிறுநீரகம் கழிவை வடிகட்டுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். இன்சுலினைச் சிதைப்பதும் அதுதான். கணையத்தில் சுரக்கும் இன்சுலினில் ஏறக்குறைய பாதி கல்லீரலிலேயே தீர்ந்துவிடும். ஊசி இன்சுலின் நேராக ரத்தத்தில் கலப்பதால் சிறுநீரகத்துக்கு வேலை அதிகம். 51 அமினோ அமிலங்களே கொண்ட சின்னப் புரதம் அது, வடிகட்டியில் நிற்காமல் நுண்குழாய்க்குள் இறங்கிவிடும். அங்கே நடப்பதுதான் அழகு. குழாயின் உட்சுவர் செல்களில் மெகாலின் என்ற புரதம் காத்திருந்து இன்சுலினைப் பிடிக்கிறது. செல்லின் சவ்வு உள்ளே குழிந்து, பையாக மூடி, அதை விழுங்குகிறது. நொதிகள் இன்சுலினை அமினோ அமிலங்களாக உடைக்க, அவை மறுபடி ரத்தத்தில் சேர்கின்றன. மெகாலின் மட்டும் மேலே திரும்பிவந்து அடுத்ததைப் பிடிக்கிறது. இப்படி வடிந்த இன்சுலினில் நூற்றில் ஒரு பங்குகூட சிறுநீரில் போவதில்லை.

சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் ஜிஎஃப்ஆர் அளவு 20-க்குக் கீழே போனால் இந்த வேலை தடுமாறும். அதே அளவு ஊசி நெடுநேரம் ரத்தத்தில் சுற்றும். பட்டினியில் குளுக்கோஸ் தயாரிப்பதிலும் சிறுநீரகத்துக்குப் பங்குண்டு, அதுவும் குறையும். நோயாளிக்குப் பசியும் இருக்காது. ரத்தசோகை இருந்தால் மூன்று மாதச் சர்க்கரை அளவும் பொய்யாகக் குறைந்து காட்டலாம். இதையெல்லாம் மூலிகையின் வெற்றி என்று சொல்லிக் காசு வாங்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

மாத்திரையிலும் கவனம் வேண்டும். கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை உடலில் தங்கி, தாழ்சர்க்கரையை மறுநாள்வரை இழுத்துவிடும். மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரையை ஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே நிறுத்திவிடுவார்கள். மூட்டுவலிக்கு, சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும் வலிமருந்தான டைக்ளோஃபெனாக்கைக் கடையில் கேட்டு வாங்கவே கூடாது.

உங்கள் பக்கத்தில் சர்க்கரைக்குப் பாலக்காட்டிலும் கிட்னிக்குக் கோயம்புத்தூரிலும் பார்ப்பவர்கள் உண்டு. அப்பாவும் அப்படியென்றால் இரண்டு சீட்டையும், அந்தச் சாறு பாட்டிலையும், இரண்டு டாக்டரிடமும் காட்டுங்கள். ஊசியின் அளவை அவர்கள் குறைப்பார்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். அதுவரை அப்பாவுக்கு வியர்த்து, கை நடுங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். இளநீரும் ஆரஞ்சுச் சாறும் வேண்டாம், பொட்டாசியம் ஏறிவிடும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.