கடைசி நாள் தீவனமும் கொஞ்சம் நுண்கணிதமும்

என் அக்கா மகள் பி.ஏ. பொருளியல் சேர்ந்தபோது, பிளஸ் டூவில் கணக்குப் பாடமே இல்லாத வணிகவியல் குரூப்பிலிருந்து போனாள். முதல் செமஸ்டர் பாதியில் நோட்டோடு வந்து நின்றாள்.

"வகையிடச் சொன்னா வகையிட்டுருவேனுங் மாமா. மேல இருக்கற அடுக்கை முன்னால கொண்டாந்து, அடுக்குல ஒண்ணு கொறச்சா முடிஞ்சுது. எதுக்குன்னுதான் தெரியலீங்."

விதியைச் சரியாகத்தான் சொன்னாள். இளங்கலைப் பொருளியலுக்குத் தேவைப்படும் நுண்கணித வகையிடல் (differentiation) விதிகள் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அவற்றை மனப்பாடம் செய்து பாஸ் ஆனவர்கள் நிறையப் பேர். அந்த விதிகள் என்ன கேள்விக்குப் பதில் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. கேள்வி சின்னது: இன்னும் ஒன்று கூட்டினால் எவ்வளவு வரும், எவ்வளவு போகும்?

அவர்கள் தோட்டம் பல்லடம் பக்கம், அப்பா பிராய்லர் கோழி வளர்க்கிறார். அதனால் நோட்டை மூடி வைத்துவிட்டுக் கோழி செட்டுக் கணக்கை எடுத்தோம். குஞ்சும் தீவனமும் கம்பெனி தருவது, வீட்டுக்கு வருவது வளர்ப்புக் கூலி, கோழி பிடிக்கும் நாளைச் சொல்வதும் கம்பெனிதான். அந்த நாளை எப்படி முடிவு செய்வார்கள் என்று கேட்டேன். ரெண்டு கிலோ வந்ததும் பிடிப்பாங்க என்றாள். சரி, ஏன் ரெண்டு?

கணக்குக்காக நான் சில எண்களை எடுத்துக்கொண்டேன். உயிர்க்கோழி கிலோ 100 ரூபாய், தீவனம் கிலோ 40 ரூபாய். 38-ஆம் நாள் ஒரு கோழி 180 கிராம் தீவனம் தின்று 95 கிராம் ஏறுகிறது. செலவு 7 ரூபாய் 20 காசு, வரவு 9 ரூபாய் 50 காசு. வைத்திருக்கலாம். 45-ஆம் நாள் 210 கிராம் தின்று 85 கிராம்தான் ஏறுகிறது. செலவு 8 ரூபாய் 40 காசு, வரவு 8 ரூபாய் 50 காசு. மறுநாள் 213 கிராம் தின்று 84 கிராம். செலவு வரவைத் தாண்டிவிட்டது. அந்த நாளைக்கு முன்னால் பிடித்திருக்க வேண்டும்.

இங்கேதான் எல்லாரும் இடறுகிற இடம் இருக்கிறது. குஞ்சு விட்ட நாளிலிருந்து மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால், கிலோ எடைக்குச் சுமார் 1.6 கிலோ தீவனம்தான் ஆகியிருக்கும். அது நல்ல கணக்கு, பார்த்தால் மனசு நிறையும். ஆனால் அது சராசரி. 45-ஆம் நாளில் மட்டும் என்ன நடக்கிறது என்று பார்த்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 2.5 கிலோ தீவனம். சராசரி இதுவரை நடந்ததைச் சொல்கிறது. நாளைக்குக் கோழியை வைப்பதா பிடிப்பதா என்ற முடிவுக்கு அது உதவாது. கோழி விலையைத் தீவன விலையால் வகுத்தால் இதே 2.5 வருவதைக் கவனியுங்கள். கடைசி நாளின் தீவனக் கணக்கு அந்த எண்ணைத் தொடும்போது நிறுத்த வேண்டும். பாடப்புத்தகம் இதைத்தான் 'இறுதிநிலை வருவாய் இறுதிநிலைச் செலவுக்குச் சமம்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறது.

நாள் கணக்குக்குப் பதிலாக மணிக்கணக்கு, நிமிடக்கணக்கு என்று இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே போனால் எடைக் கோட்டின் சாய்வு கிடைக்கும். அதுதான் வகைக்கெழு. நேர்கோட்டின் சாய்வைப் பத்தாம் வகுப்பில் படித்தாயிற்று. இது வளைந்த கோட்டில் ஒரு புள்ளியில் எடுக்கும் சாய்வு, அவ்வளவுதான். அந்தச் சாய்வே நாளுக்கு நாள் குறைகிறதே, அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று கேட்டால் இரண்டாம் வகைக்கெழு. (செட் காலியானால் அடுத்த பேட்ச் குஞ்சு இறக்கலாம் என்பதையும் செலவில் சேர்த்தால் இன்னும் முன்னாலேயே பிடிக்க வேண்டி வரும். அதை அவளே சொன்னாள்.)

அடுத்த தடை, லக்ராஞ்ச் முறை. அளவோடு இருக்கும் ஒன்றை எப்படிப் பங்கிட்டால் அதிகப் பலன் என்று காண்பது. 18-ஆம் நூற்றாண்டுக் கணிதவியலாளர் லக்ராஞ்ச் இயக்கவியல் கணக்குகளில் பயன்படுத்திய உத்தி இது. பொருளியல் மாணவர்கள் லாம்டா என்ற கிரேக்க எழுத்தை எங்கிருந்தோ கொண்டுவந்து சேர்த்து, கடைசியில் அடித்துவிட்டு விடை எழுதுவார்கள். எனக்கு அதுதான் வருத்தம். அந்தக் கணக்கிலேயே ருசியான விஷயம் லாம்டாதான்.

கிணற்றில் வாரத்துக்கு 12 மணி நேரம் மோட்டார் ஓடும் அளவுக்குத் தண்ணீர் ஊறுகிறது என்று வையுங்கள். மஞ்சளும் தென்னையும் இருக்கின்றன. மஞ்சளுக்குத் தண்ணீர் விட்டால் ஆரம்பத்தில் மணிக்கு 600 ரூபாய் வீதம் பலன். ஒவ்வொரு மணி கூடும்போதும் அந்த வீதம் 40 ரூபாய் குறைகிறது. தென்னைக்கு 360-இல் தொடங்கி மணிக்கு 20 ரூபாய் குறைகிறது. ஆறுக்கு ஆறு என்று பிரித்தால் மஞ்சளில் கடைசி மணியின் பலன் 360, தென்னையில் 240. அப்படியானால் தென்னையிலிருந்து கொஞ்சம் எடுத்து மஞ்சளுக்குத் திருப்பினால் லாபம். மஞ்சளுக்கு 8, தென்னைக்கு 4 என்று வரும்போது இரண்டு பக்கமும் 280. இனித் திருப்புவதில் பயனில்லை. மஞ்சளுக்கே மொத்தத் தண்ணீரையும் விட வேண்டியதில்லை, சரிபாதியும் வேண்டியதில்லை.

அந்த 280 இருக்கிறதே, அதுதான் லாம்டா.

தமிழ்நாட்டில் விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். ரசீதில் பார்த்தால் கிணற்றுத் தண்ணீரின் விலை சுழியம். ஆனால் 13-ஆவதாக ஒரு மணி நேரம் கிடைத்தால் அது ஏறத்தாழ 280 ரூபாய் பெறும். பொருளியலில் இதற்கு நிழல் விலை என்று பெயர். வறட்சி வருஷத்தில் தென்னையைக் காப்பாற்ற லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுபவர்கள் மனசுக்குள் போடுவது இந்தக் கணக்கைத்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மணிக்கு 200 ரூபாய் கேட்டால் வாங்கலாம், 350 கேட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். கிணறு நிரம்பி வழியும் மழை வருஷத்தில் லாம்டா சுழியம்; கட்டுப்பாடே இல்லாத இடத்தில் அதற்கு விலையும் கிடையாது. தென்னைக்கு விடுவதைத் தொடாமல் மஞ்சளுக்கு மட்டும் கூட்டிப் பார்ப்பதுதான் பகுதி வகையிடல் என்பதை இந்த இடத்தில் சொன்னால் அப்படியே பிடித்துக்கொள்வார்கள்.

மடக்கை (log) எதற்கு என்று கேட்பவர்களுக்கு நாமக்கல் முட்டை போதும். விலை ஏறினால் விற்பனை எவ்வளவு குறையும் என்ற சாய்வை முட்டைக் கணக்கில் எடுத்தால் ஒரு எண், 30 முட்டை அட்டைக் கணக்கில் எடுத்தால் வேறு எண். அளவு மாறினால் விடை மாறுகிறது. சதவீதத்துக்குச் சதவீதம் பார்த்தால் இந்தத் தொல்லை இல்லை. பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இல் பரவலாக்கிய தேவை நெகிழ்ச்சி அதுதான். மடக்கையில் வரும் சிறு மாற்றம் சதவீத மாற்றத்தைத்தான் காட்டும் என்பதால், விலை, விற்பனை இரண்டுக்கும் மடக்கை எடுத்துக் கோடு வரைந்தால் அதன் சாய்வே நெகிழ்ச்சி.

எண்களைக் கட்டம் கட்டி எழுதும் அணிகளை (matrix) முதல் வருஷத்தில் துரத்த வேண்டியதில்லை. திருப்பூரில் நூல், நிட்டிங், சாயப்பட்டறை, மின்சாரம் எல்லாம் ஒன்றுக்கொன்று தேவைப்படுவதை ஒரே கட்டத்தில் எழுதிப் பார்க்க வேண்டிய நாள் வரும்போது அவை தானாக வந்து சேரும். அந்த உள்ளீடு-வெளியீட்டு முறைக்காகப் பொருளியலாளர் லியோன்டிஃப் 1973-இல் நோபல் பரிசு பெற்றார். மாநிலப் பாடத்திட்டத்தின் பதினோராம் வகுப்பு வணிகக் கணிதம் புத்தகத்தில் அதுவும் இருக்கிறது, நெகிழ்ச்சியும் இறுதிநிலைச் செலவும் இருக்கின்றன. தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். கணக்கு எடுக்காதவர்கள் தடித்தடி ஆங்கிலப் புத்தகங்களுக்கு முன் இதைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

கடைசியாக ஈரோட்டு மஞ்சள். நட்டு அறுவடை செய்ய எட்டு ஒன்பது மாதம் ஆகும். போன வருஷ விலையைப் பார்த்துத்தான் இந்த வருஷம் நடுகிறார்கள். விலை நன்றாக இருந்தால் எல்லாரும் நடுவார்கள், மறு வருஷம் மண்டியில் மஞ்சள் குவியும், விலை விழும். குவிண்டால் 10,000 ரூபாய் சமநிலை என்று கொண்டு, இந்த வருஷம் 2,000 மேலே நிற்கிறது என்போம். விலகல் வருஷாவருஷம் திசை மாறி 0.8 மடங்காகிறது என்றால் அடுத்தது 1,600 கீழே, பிறகு 1,280 மேலே, அப்படியே அடங்கும். 1.2 மடங்கு என்றால் 2,400 கீழே, 2,880 மேலே, ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். எந்தப் பக்கம் போகும் என்பதைத் தீர்மானிப்பது தேவைக் கோடு, அளிப்புக் கோடு இரண்டின் சாய்வுகளுக்குள்ள விகிதம். மறுபடியும் சாய்வுதான். வரைபடத்தில் இது சிலந்தி நூல் சுற்றுவதுபோலத் தெரிவதால் பொருளியலாளர் கால்டர் 1934-இல் சிலந்திவலைத் தேற்றம் என்று பெயர் வைத்தார்.

அக்கா மகள் இதையும் விடவில்லை. "மஞ்சள் தக்காளியாட்டம் அழுகாதுங்களே மாமா. வெல கெடைக்கலீன்னா வேகவெச்சுக் காயப்போட்டு மூட்டையில வெச்சுக்குவாங்கல்ல?" ஆமாம், வைத்துக்கொள்வார்கள், ரெண்டு மூணு வருஷம்கூட. அந்த மூட்டைகளையும் சமன்பாட்டுக்குள் கொண்டுவர ஒரு பேப்பரை எடுத்து இருவரும் உட்கார்ந்தோம். இரண்டாவது வரியிலேயே போன வருஷ விலையோடு அதற்கு முந்தின வருஷ விலையும் உள்ளே வந்துவிட்டது.