முற்றுரிமையா, ஏகபோகமா?

கூகுள் தேடுபொறிச் சந்தையில் 'தன் முற்றுரிமையைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது' என்று 2024-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்ததாக ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். உரிமையைக் காத்துக்கொள்வதில் என்ன சட்டவிரோதம்? மொழிபெயர்த்தவருக்கு இந்தச் சந்தேகம் வரவே இல்லை போலும்.

'மோனோபோலி' (monopoly) என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் அவர் முற்றுரிமை ஆக்கியிருக்கிறார். அது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். மோனோஸ் என்றால் ஒற்றை, போலெயின் என்றால் விற்றல். அரிஸ்டாட்டில் சொல்லும் கதையில், தத்துவஞானி தேலீஸ் குளிர்காலத்திலேயே ஊரில் உள்ள ஆலிவ் செக்குகளுக்கெல்லாம் சல்லிசாக முன்பணம் கொடுத்து வைத்துவிடுகிறார். அறுவடை வந்ததும் அவர் சொன்னதுதான் வாடகை. யாரும் அவருக்கு உரிமை எழுதித் தரவில்லை; செக்குகள் அவர் கையில் இருந்தன, அவ்வளவுதான். (ரோமப் பேரரசர் திபேரியஸ், செனட்டில் இந்தச் சொல்லை உச்சரிக்கும் முன் பிறமொழிச் சொல் என்பதற்காக மன்னிப்புக் கேட்டாராம். நம் தனித்தமிழ் நண்பர்களுக்குப் பிடித்துப்போகும்.)

முற்றுரிமை தப்பான சொல் என்று சொல்ல மாட்டேன். அதற்குரிய இடம் வேறு. 1600-இல் எலிசபெத் ராணி கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கீழை நாட்டு வணிகத்தைப் பட்டயம் எழுதிக் கொடுத்தாரே, அது முற்றுரிமை. காப்புரிமையும் அந்த வகைதான். கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார், கெடு இருக்கிறது, பறிக்கவும் முடியும். அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி ஸ்டாண்டர்டு ஆயிலுக்கு யார் கொடுத்தார்கள்? ரயில் கம்பெனிகளிடம் ரகசியத் தள்ளுபடி வாங்கி, போட்டியாளர்களை ஒவ்வொருவராக விழுங்கி வளர்ந்தது அது. 1911-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் 34 கம்பெனிகளாகப் பிரிந்தது. கூகுளும் போன்களிலும் பிரவுசர்களிலும் தன் தேடுபொறியே முதலில் வந்து நிற்க வேண்டும் என்பதற்காக 2021-இல் மட்டும் 2,630 கோடி டாலர் கொட்டிக் கொடுத்தது. காசு கொடுத்துப் பிடித்த இடத்துக்கு உரிமை என்று பெயர் வைத்தால், கம்பெனி வக்கீல் செய்ய வேண்டிய வேலையை நாமே செய்து கொடுத்ததாகிவிடும்.

பாடநூல் தமிழ் இன்னும் ஒரு படி மேலே போய், சில கம்பெனிகள் மட்டுமே சந்தையைப் பிடித்து வைத்திருப்பதை (oligopoly) 'சில்லோர் முற்றுரிமை' என்கிறது. சிலர் பங்குபோட்ட பிறகு அதில் முற்று எங்கே இருக்கிறது? ஒரு சொல்லைப் பிடித்துவிட்டால் அதன் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டுவது நம் கலைச்சொல் குழுக்களின் வழக்கம். படிக்கிற பிள்ளை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

சரி, ஏகபோகம்? இரண்டு பாதியும் வடசொல்தான், மறுக்கவில்லை. ஆனால் நேற்று முளைத்ததல்ல. பிராமணர் ஒருவருக்கே கொடையாக விட்ட நிலத்தை 'ஏகபோக பிரம்மதேயம்' என்கின்றன பழைய கல்வெட்டுகள். அதுவும் அரசன் கொடுத்ததுதானே என்று மடக்கலாம். மடக்குங்கள், ஆனாலும் அந்தச் சொல்லுக்குள் அரசன் இல்லை. ஒருவனே அனுபவிக்கிறான் என்பதோடு அது நின்றுவிடுகிறது, எப்படி வந்தது என்பதைப் பற்றிப் பேசுவதில்லை. கம்பெனி விஷயத்தில் நமக்கு வேண்டியதும் அதுதான்.

'தனியாதிக்கம்' என்று எழுதினாலும் எனக்குச் சம்மதமே. ஆதிக்கமும் வடமொழி வழி வந்தது என்று யாராவது கிளம்புவார்கள், அது வேறு கதை. அந்த வாக்கியத்தை இப்போதைக்கு இப்படித் திருத்தி வைத்திருக்கிறேன்: 'கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகத் தக்கவைத்துக்கொண்டது.'