அவெய்ட் போட்டாச்சு, ஆர்டரைக் காணோம்

அல்சூரில் ஒரு மெஸ்ஸுக்கு டோக்கன் செயலி எழுதிய தம்பி வந்து நின்றார். "அண்ணா, மதியக் கூட்டத்துல மட்டும் ஆர்டர் காணாமப் போகுது. எரர் எதுவும் வரல." நிரலைப் பார்க்காமலே சொல்லலாம்: எல்லா ஆர்டரும் ஒரே ஜேசான் ஃபைலில் (தகவலை எழுத்தாகச் சேமிக்கும் வடிவம்). பெங்களூரில் நோட் ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் கருவி) பழகும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

"எல்லா இடத்துலயும் அவெய்ட் போட்டிருக்கேனே, ஜாவாஸ்கிரிப்ட் ஒரே த்ரெட்தானே?" என்பார்கள். ஒரே த்ரெட்தான் (ஒரு நேரத்தில் ஒரு வரி மட்டுமே ஓடும்), சரி. ஆனால் 'இந்த வேலை முடியும்வரை காத்திரு' என்னும் அவெய்ட் நிறுத்தி வைப்பது அந்த ஃபங்க்‌ஷனை மட்டும், சர்வரை அல்ல. அந்த இடைவெளியில் அடுத்த ரிக்வெஸ்ட் உள்ளே வந்துவிடும். ஃபைலில் 40 ஆர்டர். முதல் ரிக்வெஸ்ட் 40ஐப் படிக்கிறது. அது எழுதி முடிப்பதற்குள் இரண்டாவதும் அதே 40ஐப் படிக்கிறது. ஒன்று சாம்பார் சாதத்தைச் சேர்த்து 41 எழுதும். மற்றது தயிர் சாதத்தைச் சேர்த்து அதுவும் 41 எழுதும். பிந்தி எழுதியது நிற்கும், சாம்பார் சாதக்காரர் டோக்கனோடு நிற்பார். இரண்டு ரைட்ஃபைலும் (ஃபைலில் எழுதும் கட்டளை) ஒழுங்காக முடிந்ததால் எரர் எங்கிருந்து வரும்?

"அப்ப சிங்க் போட்டுடறேன்" என்று, வேலை முடியும்வரை சர்வரையே நிறுத்தி வைக்கும் கட்டளைக்கும் கிளம்பாதீர்கள். ஒரே ப்ராசஸ் ஓடும்வரை தப்பிக்கலாம், ஆனால் டிஸ்க் முடிக்கும்வரை மற்ற எல்லாரும் காத்திருக்க வேண்டும். கிளஸ்டரில் (ஒரே சர்வரைப் பல பிரதிகளாக ஓட்டுவது) நாலு ப்ராசஸ் ஓட்டினால் பழைய கதைதான்.

இன்னொன்று: ரைட்ஃபைல் முதலில் ஃபைலைக் காலி செய்துவிட்டுத்தான் எழுதும். நடுவில் சர்வர் விழுந்தால் மிஞ்சுவது பாதி ஜேசான். அதைப் படிக்க முடியாதபோது கேட்ச்சில் (எரரைப் பிடிக்கும் இடம்) காலி அரே, அதாவது காலிப் பட்டியல், திருப்பி அனுப்பும் நிரலைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும். அடுத்த ஆர்டர் வந்ததும் அந்தக் காலி அரேயில் ஒன்றைச் சேர்த்து எழுதிவிடும், பழையதெல்லாம் போச்சு. தயவுசெய்து அங்கே எரரை விழுங்காதீர்கள்.

எழுதுவதானால் அதே ஃபோல்டரில் வேறு பெயரில் முழுதாக எழுதி, பிறகு ரீநேம் செய்யுங்கள். படிப்பது, மாற்றுவது, எழுதுவது மூன்றையும் ஒரே வேலையாக வரிசையில் நிறுத்துங்கள். அதற்குச் சோம்பலாக இருந்தால் எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸுக்குப் போங்கள், நோட் 22 வரிசையிலேயே அது உள்ளடங்கி வருகிறது. அப்புறம், ஃபைல் பாதையை டிர்நேமிலிருந்து (உங்கள் நிரல் ஃபைல் இருக்கும் ஃபோல்டர்) தொடங்குங்கள். வெறும் புள்ளி-சாய்கோடு, கமாண்டை எந்த ஃபோல்டரில் ஓட்டினீர்களோ அதைத்தான் பார்க்கும். பயனர் அனுப்பும் பெயரை அப்படியே பாதையில் ஒட்டவே ஒட்டாதீர்கள்.