துறப்பும் திறப்பும்: ‘டிஸ்க்ளோஷர்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மார்த்தாண்டத்தில் இருக்கும் என் அக்கா மகன் போன வாரம் ஒரு காணொளியை அனுப்பி, “மாமா, எழுத்துப் பிழை இருக்கான்னு பாருங்க” என்றான். தேன் கடைக்காரர் ஒருவர் அவனுக்கு மூன்று பாட்டில் தேன் சும்மா கொடுத்திருக்கிறார். அதைச் சுவைத்துப் பார்த்து ஐந்து நிமிடம் பேசியிருக்கிறான். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் திரையின் மேலே பெரிதாக ஒரு வரி: “பொறுப்புத் துறப்பு: இந்தத் தேன் எனக்கு இலவசமாகத் தரப்பட்டது.”

எத்தனை காணொளிகளில் இதைப் பார்த்துவிட்டேன்! பையன் நேர்மையாக உண்மையைச் சொல்கிறான். அவன் போட்ட தலைப்பு அந்த நேர்மையைத் தலைகீழாக்குகிறது.

டிஸ்க்ளோஷர் வேறு, டிஸ்கிளைமர் வேறு. முதலாவது, ‘மூடு’ என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. மூடியிருப்பதைத் திறந்து காட்டுதல் என்று பொருள். இரண்டாவதன் வேருக்கு ‘உரக்கக் கூவு’ என்று பொருள். உரிமையையோ பொறுப்பையோ ‘எனக்கு இல்லை’ என்று மறுப்பது. இரண்டுக்கும் முன்னொட்டு மட்டும்தான் ஒன்று. ‘பொறுப்புத் துறப்பு’ இரண்டாவதற்கு நல்ல தமிழ். “இக்கதையில் வரும் பெயர்கள் யாவும் கற்பனையே” என்ற வரிக்கு மேலே அதைப் போடுங்கள், கச்சிதமாகப் பொருந்தும்.

இதை அவனிடம் சொன்னேன். “நம்ம ஊர்ல கதவைத் துறன்னுதானே மாமா சொல்லுவோம்?” என்றான். ஒரு நிமிடம் எனக்குப் பேச்சு வரவில்லை. களியக்காவிளையைத் தாண்டினால் மலையாளத்தில் ‘துறக்குக’ என்றால் திறப்பதுதான். எல்லைக்கு இந்தப் பக்கம் நம் பேச்சிலும் அது கலந்து கிடக்கிறது. அவன் காதில் துறப்பு என்பது திறப்பு. டிஸ்க்ளோஷரின் பொருளும் திறப்பதுதானே! ஆனால் மதுரையிலும் திருச்சியிலும் இருந்து பார்ப்பவர்களுக்குத் துறப்பு என்றால் துறவி செய்வது, கைவிடுவது. இன்றைய எழுத்துத் தமிழிலும் அதுதான் வழக்கமான பொருள். அப்புறம், முன்னால் ‘பொறுப்பு’ நிற்கிறதே? பொறுப்பைத் திறப்பது என்பது நம் ஊர்க் காதுக்குக்கூடப் பொருள் தராது.

இது வெறும் சொல் சண்டை என்று நினைப்பவர்கள் விதிகளைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2009-இல் தன் வழிகாட்டுதல்களைத் திருத்தியபோதே, இலவசமாகப் பொருள் வாங்கி எழுதும் வலைப்பதிவர் அதைச் சொல்ல வேண்டும் என்றது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இந்த இரண்டு சொற்களையும் தனித்தனியாகவே நடத்துகின்றன. பொறுப்புத் துறப்பு வாசகத்தைப் போட்டு, தவறாக வழிநடத்தும் கூற்றைச் சரிசெய்துவிட முடியாது என்பது ஒரு விதி. விற்பவரோடு உள்ள தொடர்பை முழுமையாக வெளிப்படுத்த வேண்டும் என்பது வேறொரு விதி. முதலாவது ‘இதைச் சொல்லித் தப்பிக்காதே’ என்கிறது, இரண்டாவது ‘இதைச் சொல்லாமல் இருக்காதே’ என்கிறது. இந்த இரண்டையும் நம்மவர்கள் ஒரே சொல்லில் அடைக்கிறார்கள். பார்ப்பவர் என்ன நினைப்பார்? ‘தேன் சரியில்லை என்றால் நான் பொறுப்பில்லை’ என்கிறான் என்றுதான் நினைப்பார்.

இன்னொன்றும் இருக்கிறது. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட விளக்கக் குறிப்பு, எந்த மொழியில் பரிந்துரைக்கிறோமோ அதே மொழியில் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. தமிழில் பத்து நிமிடம் பேசிவிட்டு மூலையில் ஆங்கிலத்தில் ‘ஸ்பான்சர்டு’ என்று பொடி எழுத்தில் போடுவது இதற்கு நேர் எதிர். ‘கொலாப்’ என்று போடுகிறவர்களும் உண்டு. அதையே ‘கூட்டு முயற்சி’ என்று தமிழாக்கி, இரண்டு பேர் சேர்ந்து அணை கட்டியது போல் காட்டுபவர்களும் உண்டு. மொழிபெயர்ப்பாளர்களைத்தான் குறை சொல்வேன். வாக்கியம் என்ன செய்கிறது என்று பார்க்காமல், பட்டியலில் பக்கத்தில் கிடக்கும் சொல்லை எடுத்து ஒட்டுகிறார்கள்.

சரி, எது சரியான சொல்? ‘அறிவிப்பு’ போதாது, தண்ணீர் வராது என்பதும் அறிவிப்புதான். ‘வெளிப்படுத்தல்’தான் சரி. உள்ளே இருந்ததை வெளியே கொண்டுவருவது என்பது சொல்லிலேயே இருக்கிறது. தொல்காப்பியம், பொருள் எல்லோருக்கும் தெரிந்த சொல்லை ‘வெளிப்படு சொல்’ என்கிறது. அவ்வளவு பழைய வழக்கு. நம் மாவட்டத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் பைபிளின் கடைசிப் புத்தகம் நினைவுக்கு வரும் என்று ஒரு நண்பர் தயங்கினார். வரட்டும். மறைந்திருந்ததைக் காட்டுவது என்ற பொருள் அங்கேயும் மாறவில்லை.

விற்பவரோடு உள்ள அந்தத் ‘தொடர்பு’க்கு விதியின் ஆங்கிலத்தில் ‘மெட்டீரியல் கனெக்‌ஷன்’ என்று பெயர். அதற்கு ‘பொருள் இணைப்பு’ என்ற மொழிபெயர்ப்பு உலவுகிறது. குழாயை இணைப்பது போல இருக்கிறது. ‘மெட்டீரியல்’ அங்கே பண்டத்தைக் குறிக்கவில்லை, சொல்பவர் மீது வைக்கும் நம்பிக்கையைப் பாதிக்கக்கூடிய தொடர்பைக் குறிக்கிறது. ‘ஆதாயத் தொடர்பு’ என்று முதலில் நினைத்தேன். ஆனால் விதி குடும்ப உறவையும் வேலை உறவையும் சேர்த்துக்கொள்கிறது. அண்ணன் கடையைப் பாராட்டினால் ஆதாயம் எங்கே? அதனால் ‘சார்பு’ என்பதைப் பிடித்துக்கொண்டேன். தேன் பாட்டில், அண்ணன், சம்பளம் மூன்றும் அதில் அடங்கும்.

மருமகன் ஒத்துக்கொள்ளவில்லை. “நான் சார்பாப் பேசலையே மாமா, மூணாவது பாட்டில் புளிக்குதுன்னு சொல்லியிருக்கேனே.” அவன் சொன்னது நியாயம். சார்ந்திருப்பதும் ஒரு பக்கம் சாய்வதும் இன்று ஒரே சொல்லாகிவிட்டன. கட்டுரைக்கும் சட்ட மொழிபெயர்ப்புக்கும் ‘சார்பு வெளிப்படுத்தல்’ என்பதை நான் விடமாட்டேன். அவன் காணொளிக்கு ‘வெளிப்படுத்தல்’ என்று தலைப்பிட்டு, கீழே ஒரு வரி எழுதினோம்; காணொளி என்றால் எழுத்திலும் குரலிலும் இருக்க வேண்டும் என்று அந்த விளக்கக் குறிப்பு சொல்வதால் அவனே வாயாலும் சொல்லிப் பதிவு செய்தான்: “இந்த மூணு பாட்டில் தேனையும் கடைக்காரர் காசு வாங்காம எனக்குக் கொடுத்தார்.”