கியூஆர் அட்டையைக் கழற்றினால் கணக்கு மறைந்துவிடுமா?

2025 ஜூலையில் பெங்களூருவில் பல சிறு கடைகளில் கியூஆர் அட்டை இருந்த இடத்தில் 'ரொக்கம் மட்டும்' என்ற தாள் தொங்கியது. யுபிஐ வரவுகளின் அடிப்படையில் கர்நாடக வணிகவரித் துறை சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியிருந்தது. பச்சைக் காய்கறி விற்றவருக்கும் லட்சக்கணக்கில் வரி கேட்டு நோட்டீஸ் போயிருந்தது. செய்தி தமிழ்நாட்டுக்கு வர நேரமாகவில்லை. என்னிடம் கணக்குப் பார்க்கும் கடைக்காரர்கள் வரிசையாகக் கேட்ட கேள்வி, "நாங்களும் கழற்றிவிடலாமா சார்?"

வேண்டாம் என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன். இப்போதும் அதையே சொல்கிறேன்.

2016 ஏப்ரலில் தேசியக் கொடுப்பனவுக் கழகமான என்பிசிஐ யுபிஐ முறையை அறிமுகப்படுத்தியபோது அதில் 21 வங்கிகள்தான் இருந்தன. அந்த நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தது. 2020 ஜனவரி முதல் யுபிஐக்கு வியாபாரியிடம் கட்டணம் பிடிப்பதில்லை என்றானது. கார்டு இயந்திரத்தின் பக்கமே போகாத பெட்டிக்கடையும் ஓர் அச்சடித்த அட்டையோடு வங்கிக்குள் வந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் ஒரு மாதப் பரிவர்த்தனைகளின் எண்ணிக்கை 1,000 கோடியைத் தாண்டியது. 2025 ஆகஸ்டில் 2,000 கோடியைத் தாண்டியது.

சிறு வியாபாரியின் விற்பனை முன்பெல்லாம் அவருடைய கல்லாவுக்கும் மனக்கணக்குக்கும் மட்டுமே தெரியும். இன்று அவர் எழுதாத கணக்கை வங்கி எழுதி வைத்திருக்கிறது. ஆனால் வங்கி தொகையை எழுதும், தேதியை எழுதும். அந்தப் பணம் எதற்காக வந்தது என்று எழுதாது. சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

டிபன் கடை நடத்தும் ஓர் அம்மாவின் வங்கி அறிக்கையை அவரோடு உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தேன். காலை 5.50க்கு 24 ரூபாய். 5.52க்கு 12. பிறகு 40, 65, 12, 110 என்று இட்லியும் டீயுமாக ஓடுகிறது. பதினோரு மணிக்குத் திடீரென 15,000.

"இது யார் அனுப்பியதம்மா?"

"என் தம்பி, சார். கைமாற்று வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தான்."

அடுத்த வாரம் ஒரே நாளில் நான்கு பேரிடமிருந்து தலா 5,000. தெருப் பெண்களின் சீட்டுப் பணம். இவர் வாங்கிச் சீட்டுக்காரரிடம் கட்டுகிறார். அங்கங்கே 2,000, 3,000 என்று முழுத்தொகைகள். ஏடிஎம் தொலைவில் இருப்பதால் தெரிந்தவர்கள் இவருக்கு யுபிஐயில் அனுப்பிவிட்டுக் கல்லாவிலிருந்து ரொக்கம் வாங்கிப் போகிறார்கள். மகளின் காதணி விழா மொய்யும் இதே கணக்கில்தான் வந்திருந்தது. (மொய் தனிக் கதை. திருமணத்தில் மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது. காதணி விழாவுக்கு அந்தச் சலுகை இல்லை; உறவினர் அல்லாதவர்கள் தந்தது ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத்தொகையும் வருமானக் கணக்கில் சேரும். சட்டத்தின் உறவினர் பட்டியலில் சித்தப்பா உண்டு, சித்தப்பா மகன் இல்லை.)

மொத்த வரவு 31 லட்சம். துறையின் கணினி பார்த்தால் அத்தனையையும் விற்பனை என்றே எடுத்துக்கொள்ளும். நாங்கள் பிரித்து எடுத்தபோது விற்பனை 19 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக, அவருக்கான ஜிஎஸ்டி பதிவு எல்லையான 20 லட்சத்துக்குள் வந்தது. அந்த அம்மா பெருமூச்சு விட்டார். அதற்குள் நான் ரொக்க விற்பனையைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தது. அதையும் கூட்டியதும் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

பலருக்குப் புரியாத இடம் இதுதான். ஜிஎஸ்டி என்பது விற்பனைக்கு உள்ள வரி. பணம் யுபிஐயில் வந்ததா, ரொக்கமாக வந்ததா என்று அது பார்ப்பதில்லை. '2,000 ரூபாய்க்கு மேல் யுபிஐயில் அனுப்பினால் ஜிஎஸ்டி' என்று ஒரு வதந்தி பரவியபோது, 2025 ஏப்ரலில் மத்திய நிதி அமைச்சகமே அதை மறுத்தது. அட்டையைக் கழற்றுவதால் வரி குறையப்போவதில்லை. கல்லாவில் சேரும் ரொக்கத்தையும் என்றாவது வங்கியில் போடத்தானே வேண்டும்? சேமிப்புக் கணக்கில் ஓராண்டில் 10 லட்சம் ரூபாய் ரொக்கம் போட்டால், நடப்புக் கணக்கில் 50 லட்சம் போட்டால், வங்கியே வருமான வரித் துறைக்குத் தெரிவித்துவிடும்.

எல்லைகளைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அதாவது நாளொன்றுக்குச் சுமார் 11,000 ரூபாய். சேவைக்கு 20 லட்சம். நாளுக்குச் சுமார் 5,500. உணவகமும் டிபன் கடையும் சேவையில் சேரும். "நான் இட்லி என்ற பொருளைத்தானே விற்கிறேன்" என்ற வாதம் செல்லாது. 40 லட்சம் என்ற சலுகை புகையிலைப் பொருள்கள், பான் மசாலா, ஐஸ்கிரீம் ஆகியவற்றை விற்பவருக்குப் பொருந்தாது. கடலை மிட்டாயோடு பீடிக்கட்டும் வைத்திருக்கும் பெட்டிக்கடைக்காரருக்கு எல்லை 20 லட்சம்தான். இதைச் சொல்லும்போது என்னை நம்பாமல் பார்த்தவர்களே அதிகம்.

பச்சைக் காய்கறி மட்டும் விற்பவர் எவ்வளவு விற்றாலும் பதிவு செய்ய வேண்டியதில்லை. அது வரிவிலக்குப் பெற்ற பொருள். ஆனால் காய்கறியோடு சோப்பும் பிஸ்கட்டும் வைத்திருந்தால், எல்லையைக் கணக்கிடும்போது காய்கறி விற்பனையும் சேர்த்தே எண்ணப்படும். வரி மட்டும் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும்தான்.

வருமான வரியைப் பற்றிய பயம் பெரும்பாலும் வீண். 2 கோடி வரை விற்றுமுதல் உள்ள சிறு வியாபாரி கணக்குப் புத்தகம் வைக்காமலே உத்தேச லாபம் காட்டலாம். ரொக்க விற்பனையில் 8 சதவீதம். வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதம் போதும். உண்மை லாபம் அதைவிட அதிகம் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும். 30 லட்சம் விற்பனை முழுவதும் யுபிஐயில் வந்திருந்தால் 6 சதவீதம் 1,80,000 ரூபாய். வேறு வருமானம் இல்லாதவருக்கு இதில் வரியே வராது. யுபிஐக்காகச் சட்டமே குறைத்துக் கொடுத்திருக்கும் விகிதத்தை உதறிவிட்டு ரொக்கத்துக்கு ஓடுவது எந்தக் கணக்கில் லாபம் என்று எனக்குப் புரியவில்லை.

இதைவிட மோசமான யோசனை ஒன்று சந்தையில் உலவுகிறது: மனைவி பெயரில் ஓர் அட்டை, மைத்துனர் பெயரில் ஓர் அட்டை, திங்கள் முதல் புதன் வரை ஒன்று, மற்ற நாள்களில் இன்னொன்று. ஒரே கடை, ஒரே சரக்கு, ஒரே விலாசம். கணக்கை எத்தனை பெயரில் பிரித்தாலும் விற்பனை ஒருவருடையதுதான். விவரம் தெரியாமல் பதிவு செய்யாதவருக்கும் திட்டமிட்டு மறைத்தவருக்கும் சட்டம் ஒரே அபராதம் விதிப்பதில்லை. இந்த யோசனையைச் சொல்பவர் நோட்டீஸ் வரும் நாளில் உங்களோடு நிற்கமாட்டார்.

செய்ய வேண்டியது சிறியது. கடைக்கென்று ஒரு நடப்புக் கணக்கு தொடங்கி, கடையின் அட்டையை அதோடு மட்டும் இணையுங்கள். சீட்டு, கைமாற்று, மொய் எல்லாம் வீட்டுக் கணக்கில் போகட்டும். தவறி ஏதாவது கடைக் கணக்கில் வந்துவிட்டால் அன்றிரவே ஒரு நோட்டில் தேதி, பெயர், காரணம் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். மூன்று ஆண்டு கழித்து அதிகாரி கேட்கும்போது, நினைவிலிருந்து சொல்வதைவிட அந்த நோட்டுக்கு மதிப்பு அதிகம். நோட்டீஸ் வந்துவிட்டால் மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் முதலில் வருவது விளக்கம் கேட்கும் கடிதம்தான். அதில் உள்ள தேதிக்குள் பதில் போகாவிட்டால் அந்தத் தொகை வரியாக உறுதியாகிவிடக்கூடும்.

கடைகடையாகப் போய் அட்டை ஒட்டியவர்களும், பணம் வந்ததும் கூவும் பெட்டியை வைத்துவிட்டுப் போனவர்களும், கணக்கைப் பிரித்து வையுங்கள் என்று ஒரு துண்டறிக்கை கூடவா கொடுத்திருக்க முடியாது? அந்த வேலை இப்போது எங்களைப் போன்றவர்கள் தலையில்.

டிபன் கடை அம்மா, சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறையான காம்போசிஷன் முறையில் பதிவு செய்துகொண்டார். எல்லையைத் தாண்டிய 30 நாள்களுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும் என்பதால், மாதாமாதம் விற்பனையைக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் தேவை. உணவகத்துக்கு இந்த முறையில் விற்றுமுதலில் 5 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும். ஆனால் அந்த 5 சதவீதத்தை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. பதிவு எண் கிடைத்த உற்சாகத்தில் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள்; அதற்குத் தனியாக இன்னொரு நோட்டீஸ் வரும்.